தொழிற்சாலை மெக்கானிக் அப்ரண்டிஸ்: ஐடிஐ வாசலிலிருந்து தனியாக மெஷினைத் திறக்கும் நாள் வரை

நின்றுபோன மெஷினைச் சுற்றிப் பலர் கூடுவார்கள். ஸ்பேனர் பிடிக்க எல்லோருக்கும் தெரியும். மெஷின் ஏன் நின்றது என்று சொல்லத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் இருப்பார். அவருக்காகத்தான் ஷிஃப்ட் இன்ஜினியரும் காத்து நிற்பார். அப்ரண்டிஸ் பயிற்சிக் காலத்தை அந்த ஒருவராக ஆவதற்குச் செலவிட வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கழற்றி மாட்டுவதை ஆறு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்க அளக்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும்.

எந்தப் பிரிவில் சேர்வது

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நேர்வழி ஐடிஐதான். பத்தாம் வகுப்பில் தேர்ச்சியும் 14 வயது நிறைவும் இருந்தால் ஃபிட்டர் பிரிவில் சேரலாம். படிப்பு இரண்டு வருடம். ‘மெக்கானிக் மெஷின் டூல் மெயின்டனன்ஸ்’ என்ற இரண்டு வருடப் பிரிவும் உண்டு. அதில் மெஷின்களைப் பிரித்துச் சேர்ப்பதும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தம்), நியூமேட்டிக் (காற்றழுத்தம்) வேலைகளும் கூடுதலாக வரும். டர்னரும் மெஷினிஸ்ட்டும் பாகங்களைச் செய்பவர்கள். நாம் பேசுவது ஓடும் மெஷினைப் பராமரிப்பவரைப் பற்றி.

இரண்டில் எது என்று கேட்டால் ஃபிட்டர் என்பேன். ரயில்வே, பெல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் போன்றவை வெளியிடும் அறிவிப்புகளில் ஃபிட்டருக்கான இடங்கள்தான் பெரும்பாலும் அதிகம். மற்ற பிரிவுக்கு அறிவிப்பில் தனியாக இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும்.

அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகள் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்கள் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். தனியார் ஐடிஐ என்றால், கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் சேரப்போகும் பிரிவுக்குத் தேசிய அளவிலான அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்து குறிப்பிட்ட பிரிவுக்கு இல்லாமலும் இருக்கலாம். ஃபிட்டர் என்றால் பையன்களுக்கு என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். நுணுக்கமாக அளக்கும் வேலைக்கு வேண்டியது பொறுமை. அது இருபாலருக்கும் பொது.

ஐடிஐ இரண்டு வருடம்: அரத்தை அலட்சியம் செய்யாதீர்கள்

மாநிலத்தில் 71 அரசு ஐடிஐக்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ‘தொழில் 4.0’ மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. கணினி இயக்கும் சிஎன்சி மெஷினும் ரோபோவும் வந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் அவற்றைப் பார்த்த பிறகு, பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் முன்னால் நின்று மணிக்கணக்கில் அரம் போடுவது வீண்வேலை என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. ஓடும் தொழிற்சாலையில் புல்லியைச் சுழல்தண்டோடு (ஷாஃப்ட்) பிணைக்கும் ஒரு சாவிக்கட்டையைக் காடியில் பொருத்த வேண்டும் என்றால், இன்றைக்கும் கடைசி இரண்டு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கையால்தான் எடுக்கிறோம்.

வைஸின் மேல்மட்டம் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள். திரும்பும்போது அழுத்தினால் பல் மழுங்கும். பல்லிடுக்கில் உலோகத்தூள் சிக்கிப் பரப்பில் கீறல் விழாமலிருக்க, கடைசிச் சுற்றுக்கு முன் அரத்தில் சாக்கட்டி தேயுங்கள். பிறகு மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளிக்கோடு எங்கே தெரிகிறதோ அங்கே பள்ளம். ஒளி தெரியாத மேட்டை அராவ வேண்டும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் விளிம்பில் உள்ள பிசிறை எடுங்கள். பிசிறு எடுக்காத பாகத்தை அளந்தால் அளவு தவறும், பொருத்தினால் சாய்ந்து உட்காரும்.

மரை வெட்டும்போது துளையின் அளவை மனப்பாடமாக வைத்திருப்பதைவிடக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. மரையின் விட்டத்திலிருந்து மரையிடைவெளியைக் கழியுங்கள். எம் 10, அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள மரைக்கு இடைவெளி 1.5, ஆகவே துளை 8.5 மி.மீ. மரை வெட்டும் கருவியான டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருப்பினால் சீவல் உடைந்து வெளியே வரும். உள்ளே உடைந்துபோன டேப்பை எடுப்பது, புதிதாக ஒரு பாகம் செய்வதைவிடக் கடினம்.

அளவுக் கருவிகள்தான் உங்களுக்கு உண்மையான சொத்து. வெர்னியர் பொதுவாக 0.02 மி.மீ. வரை காட்டும், மைக்ரோமீட்டர் 0.01 வரை. மைக்ரோமீட்டரில் புதியவர்கள் அதிகம் தவறுவது அரை மில்லிமீட்டர் கோட்டைக் கவனிக்காமல் விடுவதில்தான், 12.87 என்பதை 12.37 என்று எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் பூச்சியம் சரியா என்று பாருங்கள், பின்முனையில் உள்ள ராட்செட்டைத் திருகி முடியுங்கள், அதே இடத்தை இரண்டாம் முறை அளங்கள். வரைபடத்தில் துளைக்கான அளவு வரம்பாக 25 எச்7 என்று கண்டால், துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம் என்று தயங்காமல் சொல்ல வேண்டும். புல்லி கணக்கும் அப்படியே. நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் 100 மி.மீ. புல்லி, எதிரே 240 மி.மீ. புல்லி என்றால் அந்த ஷாஃப்ட் 600 சுற்று ஓடும். இவற்றைக் கைபேசி இல்லாமல் போடப் பழகுங்கள்.

தொழிற்சாலையில் மூத்தவர்கள் இன்னமும் நூல் கணக்கில் பேசுவதைக் கேட்பீர்கள். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் என்பது 3.175 மி.மீ. ‘நாலு நூல் போல்ட்’ என்றால் அரை அங்குல போல்ட். ஸ்டோர்ஸுக்கு அனுப்பினால் வெறுங்கையோடு திரும்பாமலிருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்ரண்டிஸ் இடம் தேடுதல்

1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். ஆகவே இடம் கொடுப்பது அவர்கள் நமக்குச் செய்யும் சலுகை என்று நினைத்துக் கூச வேண்டாம். மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவுசெய்து, ஐடிஐ சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களை ஏற்றுங்கள். மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் உதவித்தொகையும் சான்றிதழும் சிக்கிக்கொள்ளும்.

பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), பொன்மலை பணிமனை போன்ற ரயில்வே தொழிற்கூடங்கள் தனி அறிவிப்பு வெளியிடும். அங்கே எழுத்துத் தேர்வு இல்லை. பத்தாம் வகுப்பு, ஐடிஐ மதிப்பெண்களைக் கொண்டு பட்டியல் தயாரிப்பார்கள். ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல் 1 எனப்படும் தொடக்க நிலைப் பணியிடங்களின் நேரடி நியமனத்தில் 20 சதவீத ஒதுக்கீடு இருப்பதால் போட்டி கடுமையாக இருக்கும்.

தனியாரில் என் பரிந்துரை: ஒரே பொருளை அசெம்ப்ளி லைனில் செய்யும் இடத்தைவிட, பராமரிப்புப் பிரிவு பெரிதாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காகித ஆலை, சிமென்ட் ஆலை, சர்க்கரை ஆலை, நூற்பாலை ஆகியவற்றில் பம்ப், கியர்பாக்ஸ், கன்வேயர், கம்ப்ரசர், ஹைட்ராலிக் என்று எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் பார்ப்பீர்கள். லைனில் நின்று வருடம் முழுக்க அதே நான்கு போல்ட்டை நியூமேட்டிக் துப்பாக்கியால் முறுக்கினால் கடைசியில் அந்த நான்கு போல்ட்தான் தெரியும். நேர்முகத்தில் ‘என்னை எந்தப் பிரிவில் போடுவீர்கள்?’ என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஐடிஐ முடித்த ஃபிட்டருக்கு அப்ரண்டிஸ் காலம் பொதுவாக ஒரு வருடம். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தில் ஐடிஐ முடித்தவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். நீங்கள் சேரும்போது நடைமுறையில் உள்ள தொகையை இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்திடும் ஒப்பந்தம் அரசிடம் பதிவாகிறதா என்று அவசியம் பாருங்கள். பதிவு இல்லாமல் ‘டிரெய்னி’ என்று வைத்துக்கொள்ளும் இடத்தில் வருடம் முடிந்தாலும் தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ் கிடைக்காது.

சட்டம் சொல்லும் இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். ஆகவே பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் தொழிலாளருக்குப் போலவே இழப்பீடு பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. சிறு காயமானாலும் முதலுதவிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

முதல் வாரம்: கையைக் காப்பாற்றுங்கள்

மோதிரம், கைக்கயிறு, கழுத்துச் சங்கிலி மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கோயில் கயிறாக இருந்தாலும் சரி. சுழலும் ஷாஃப்ட் எதையும் பார்த்து விடாது. அதே காரணத்துக்காகத் துளைபோடும் மெஷின், லேத் பக்கத்தில் கையுறை போடக்கூடாது; கையுறையின் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சீவலைத் தூரிகையால் தள்ளுங்கள். கம்ப்ரசர் காற்றால் சட்டையைத் தட்டும் பழக்கத்தை அண்ணன்மார் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பூட்டு. மெஷினில் கை வைப்பதற்கு முன் மின் இணைப்பைத் துண்டித்து, அந்த சுவிட்சில் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஓடவில்லை என்று உறுதியான பிறகே ஸ்பேனரை எடுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டாலே போதும் என்று நினைப்பவர்கள் மற்ற ஆற்றல்களை மறந்துவிடுகிறார்கள். அழுத்தமேற்றிய எண்ணெயைச் சேமிக்கும் ஹைட்ராலிக் அக்யுமுலேட்டரில் மோட்டார் நின்ற பிறகும் அழுத்தம் இருக்கும். தூக்கி நிற்கும் பாகம் எடையால் இறங்கும். காற்றுக் குழாயில் மிச்சக் காற்று சிலிண்டரைத் தள்ளும். அழுத்தத்தை வெளியேற்று, பாகத்துக்கு முட்டுக் கொடு, அதன் பிறகு கழற்று. இந்த வரிசையை ஒருநாளும் மாற்றக்கூடாது.

‘அவசரம் தம்பி, ஒரு நிமிஷ வேலைதான், பூட்டெல்லாம் எதற்கு?’ என்று ஒருநாள் யாராவது கேட்பார். ‘அண்ணே, பூட்டு போட்டுவிட்டு வருகிறேன், அதுவும் ஒரு நிமிஷம்தான்’ என்று சொல்லிவிட்டு நடந்துபோங்கள். இதில் மட்டும் பெரியவர், சின்னவர் என்று பார்க்க வேண்டாம்.

முதல் மூன்று மாதம்: எண்ணெய், கிரீஸ், பேரிங்

ஆரம்பத்தில் கிரீஸ் போடும் வேலைதான் கொடுப்பார்கள். அதைக் கீழான வேலையாக எண்ண வேண்டாம். ஆலையில் உள்ள ஒவ்வொரு மெஷினிடமும் உங்களைக் கூட்டிப்போகும் வேலை அது. எந்தப் பேரிங் சூடாக இருக்கிறது, எந்த கியர்பாக்ஸில் எண்ணெய் கசிகிறது, எந்த மோட்டாரின் சத்தம் நேற்றைவிட மாறியிருக்கிறது என்று கவனித்துக்கொண்டே போங்கள். கிரீஸை அதிகமாகத் திணித்தால் உள்ளே கடைபட்டுச் சூடேறும். கசிவைத் தடுக்கும் சீலும் வெளியே தள்ளப்படும்.

பேரிங் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. 04 முதல் இந்தக் கணக்கு பொருந்தும். 00, 01, 02, 03 என்று முடிந்தால் முறையே 10, 12, 15, 17 மி.மீ. ஷாஃப்டில் இறுக்கமாக ஏறும் பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்றுங்கள். வெளிவளையத்தில் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி விழும். இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் தானாக வழுக்கி உட்காரும். கேஸ் சுடரைக் காட்டவே கூடாது.

கழற்றிய பழைய பேரிங்கை குப்பையில் போடாதீர்கள். வெட்டித் திறந்து பாருங்கள். குண்டுகளின் இடைவெளியில் சீராகக் குழிகள் இருந்தால் மாட்டும்போது அடித்திருக்கிறார்கள், அல்லது நின்றபடியே அதிர்ந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் மசகு இல்லாமல் சூடேறியிருக்கிறது. உருண்ட தடம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்ந்து போனால் ஷாஃப்ட் நேராக நிற்கவில்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஓடும் மோட்டாரில் துணி துவைக்கும் கல்லின் வரிகளைப்போல் குறுக்குக் கோடுகள் இருந்தால் பேரிங் வழியாக மின்சாரம் பாய்ந்திருக்கிறது. புதிய பேரிங்கை மாட்டுவதற்கு முன் இந்தப் பழைய பேரிங்கிடம் கேட்டுவிட்டால், அடுத்த பேரிங் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு ஏறக்குறைய விடை கிடைத்துவிடும்.

நடு மாதங்கள்: மோட்டாரையும் பம்பையும் நேர்ப்படுத்துதல்

ஒரே ஒரு வேலையை முழுமையாகக் கற்றுக்கொண்டு வெளியே வர வேண்டும் என்றால் அது மோட்டார், பம்ப் இரண்டின் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் இந்த வேலையாகவே இருக்கட்டும். அடிக்கடி பேரிங் போகிறது, சீல் ஒழுகுகிறது, இரண்டு ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் பொடியாகிறது என்ற புகார்களில் பலவற்றுக்கு மூலம் இங்கேதான் இருக்கும்.

முதலில் மோட்டாரின் நான்கு கால்களையும் பாருங்கள். எல்லா போல்ட்டையும் முறுக்கிவிட்டு, ஒரு காலின் மேல் டயலை (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்து அந்த போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீட்டருக்கு மேல் நகர்ந்தால் அந்தக் கால் தரையில் உட்காரவில்லை; போல்ட்தான் வளைத்துப் பிடித்திருக்கிறது. துரு, பெயின்ட், பழைய கசங்கிய ஷிம் (காலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) எல்லாவற்றையும் சுத்தம் செய்து, இடைவெளிக்கு ஏற்ற ஷிம் போட்டு, மறுபடி முறுக்கி, அடுத்த காலுக்குப் போங்கள். இதைச் செய்யாமல் மேலே எவ்வளவு கவனமாக அளந்தாலும், போல்ட்டை முறுக்கியதும் அளவு மாறிவிடும்.

அடுத்து, டயலின் தாங்கியை பம்ப் ஷாஃப்டில் கட்டி, முள்ளை மோட்டார் பக்கக் கப்ளிங்கின் வெளிவட்டத்தில் வையுங்கள். உச்சியில் பூச்சியம் வைத்து, இரண்டு ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றி, பக்கவாட்டிலும் அடியிலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் +0.15, மறுபக்கம் +0.25, அடியில் +0.40 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இரு பக்கங்களின் கூட்டுத்தொகை அடியில் உள்ள அளவுக்குச் சமம். ஆகவே அளவை நம்பலாம். சமமாக வராவிட்டால் டயல் தளர்ந்திருக்கிறது, மறுபடி அளக்க வேண்டும். டயல் காட்டுவது இரட்டிப்பு அளவு. எனவே மோட்டார் 0.20 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது, பக்கவாட்டில் 0.05 விலகியிருக்கிறது. கப்ளிங் முகங்களுக்கு இடையே உள்ள சாய்வையும் அளந்து, அது சரியாக இருந்தால் நான்கு கால்களுக்கும் 0.20 ஷிம் கொடுத்து, பக்கவாட்டில் தள்ளி, முறுக்கி, மறுபடி அளங்கள். டயலைத் தாங்கும் கம்பி நீளமாக இருந்தால் அதன் தொய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை மூத்த மெக்கானிக் பக்கத்தில் நின்று ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

லேசர் கருவி வைத்திருக்கும் ஆலைகளில் இதெல்லாம் திரையில் வந்துவிடும். இருந்தாலும் டயலில் ஒருமுறை கையால் செய்தவருக்குத்தான் திரையில் வரும் எண் பொய்யா மெய்யா என்று தெரியும்.

நாட்குறிப்பு

பயிற்சிப் பதிவேடு கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் இருக்கக்கூடாது. தனியாக ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு செய்திகள் போதும்: என்ன புகார் வந்தது, திறந்ததும் எதைக் கண்டோம், என்ன அளவு எடுத்தோம், எதனால் ஆனது. கடைசிக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் இடம் விட்டு வையுங்கள். அதே மெஷின் திரும்ப நிற்கும்போது நிரப்பலாம். பெரியவர்களிடம் கேள்வி கேட்க உகந்த நேரம் மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு, டீ இடைவேளையில். நின்றிருக்கும்போது கேட்டால் யாருக்கும் பதில் சொல்லும் மனநிலை இருக்காது.

பயிற்சி கொடுக்காமல் வேலை மட்டும் வாங்கினால்

இது நடக்கிறது. பொட்டலம் கட்டுவது, சுமை தூக்குவது, ஒப்பந்தத் தொழிலாளி வராத இடத்தை நிரப்புவது என்று மாதங்கள் ஓடிவிடும். அப்ரண்டிஸைக் கூடுதல் நேரம் வேலை செய்யவைக்க அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதலில் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். ‘சார், பாடத்திட்டத்தில் கியர்பாக்ஸ் ஓவரால் இருக்கிறது, அடுத்த ஷட்டவுனில் என்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?’ என்று குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். பொதுவாகக் குறை சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று புரிவதில்லை. அதற்கும் மாறாவிட்டால் மாவட்டத்தில் உள்ள அப்ரண்டிஸ் ஆலோசகர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். உங்கள் நாட்குறிப்பு அங்கே சாட்சியாக நிற்கும். வருடம் போனால் திரும்பாது என்பதால் பொறுத்துக்கொண்டு இருந்துவிட வேண்டாம்.

தேர்வும் அதற்குப் பிறகும்

பயிற்சி முடிவில் அகில இந்தியத் தொழிற்பிரிவுத் தேர்வு. அதில் தேறினால் தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ். வேலைக்கான நேர்முகத்தில் சான்றிதழைப் புரட்டிவிட்டு ஒரு பழைய பேரிங்கையோ தேய்ந்த கியரையோ மேசைமேல் வைத்து ‘இது ஏன் போனது?’ என்று கேட்கும் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். நாட்குறிப்பு எழுதியவருக்கு அந்தக் கேள்வி பயமாக இருக்காது.

மேலே படிக்க விரும்பினால் இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். சொல்லிக்கொடுப்பதில் விருப்பம் உள்ளவர்கள் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர் படிப்பைப் பார்க்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் முதல் சம்பளத்தில் சொந்தமாக ஒரு வெர்னியரும் ஒரு டயலும் வாங்கிக்கொள்ளுங்கள். மலிவான கருவியைத் தவிருங்கள். வாங்கிய அன்றே ஆலையின் அளவுக்கட்டையில் வைத்துச் சரிபார்த்து, அந்தத் தேதியைப் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள்.